ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின்: மணிக்கட்டு அசைய வேண்டுமா, கூடாதா?

சுழல்வேந்தன்: "டேபிள் டென்னிஸில் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் (உள்ளங்கைப் பக்கமாக, பந்து முன்னோக்கிச் சுழலும்படி உரசி அடிப்பது) அடிக்கும்போது மணிக்கட்டு அசையவே கூடாது" என்று இடக்கையன் எழுதியிருப்பதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளாக ஆடுகிறேன். இதைவிடக் கேடான அறிவுரையை நான் கேட்டதில்லை. எதிராளி வெட்டி அனுப்பிய, பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின் பந்து மேசை விளிம்பைத் தாண்டித் தாழும்போது, மணிக்கட்டு விறைத்திருந்தால் மட்டை பந்தை உரசாமல் இடித்துவிடும், பந்து 15.25 சென்டிமீட்டர் உயர வலையிலேயே விழும். தளர்ந்த மணிக்கட்டு கைக்குச் சற்றுப் பின்தங்கி வந்து, பந்தைத் தொடும் கணத்தில் முன்னே வீசப்படும்போதுதான் சுழற்சி ஏறுகிறது.

இடக்கையன்: நான் எழுதியது தொடக்கநிலையினருக்காக. விசை காலில் பிறந்து, இடுப்பின் வழியே தோளுக்கும் முன்னங்கைக்கும் வர வேண்டும். மணிக்கட்டை அவிழ்த்துவிட்டால் மட்டையின் சாய்வு ஒவ்வொரு அடிக்கும் மாறும். ஒரு பந்து வலையில் விழும், அடுத்தது மேசைக்கு வெளியே போகும். ஆகவே மணிக்கட்டு அசையக் கூடாது.

சுழல்வேந்தன்: ஜெர்மன் வீரர் டிமோ போலின் ஃபோர்ஹேண்டைப் பார்த்திருக்கிறீர்களா? உங்களைப் போலவே இடக்கை ஆட்டக்காரர்தான். அவருடைய மணிக்கட்டு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு முறையாவது மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இடக்கையன்: உலகத் தரவரிசையில் முதலிடம் கண்டவரைக் காட்டி, நேற்று மட்டை பிடித்தவருக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

மேசையோரம்: இருவரும் மட்டையின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பரை மறந்துவிட்டீர்கள். ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பரில் வீச்சு பெரிதாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும். துள்ளல் மிகுந்த ஐரோப்பிய ரப்பரோ சிறிய அசைவையும் பெரிதாக்கிக் காட்டும். மேலும், 2014-இல் செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்த பிறகு சுழற்சி குறைந்திருக்கிறது.

சுழல்வேந்தன்: ரப்பரைச் சொல்லித் திசைதிருப்பாதீர்கள். பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆன 2000-ஆம் ஆண்டிலும் சுழற்சி குறைந்தது. அதற்காக யாரும் மணிக்கட்டைக் கட்டிப்போடவில்லை.

 

சரி, மணிக்கட்டுக்கே வருவோம். பந்தை மேசைமீது நீங்களே கையால் விட்டு, அது எழும்பி இறங்கும்போது மேல்நோக்கி உரசிப் பாருங்கள். மட்டையின் மரம் வரை அழுந்தி "டக்" என்று கேட்டால் இடித்திருக்கிறீர்கள்; ஓசை மெலிந்து, பந்து வலையைத் தாண்டியதும் வளைந்து கீழிறங்கி, மேசையில் பட்டவுடன் முன்னே பாய்ந்தால் உரசியிருக்கிறீர்கள். விறைத்த மணிக்கட்டோடு இதை ஐம்பது முறை செய்துவிட்டு என்னிடம் பேசுங்கள்.

இடக்கையன்: ஐம்பதல்ல, ஐந்நூறு முறை செய்து பார்த்துத்தான் எழுதினேன். இடுப்பு திரும்பினால் போதும், பந்து உரசப்படும். மணிக்கட்டு அசையக் கூடாது.

சுழல்வேந்தன்: அப்படியானால் உங்கள் பந்தை எவரும் எளிதாகத் தடுத்துவிடுவார்கள். மணிக்கட்டு அசைந்தே ஆக வேண்டும்.