புரட்சி நாடகத்துக்கு 40 மூவண்ண ரிப்பன் பேட்ஜ்: அளவும் செய்முறையும் தேவை

மேடைக்காரன்:
பிரெஞ்சுப் புரட்சி பற்றி ஒரு கல்லூரி நாடகம். 1789 ஜூலை 12-இல் தொடங்கி, அக்டோபர் 5-இல் பாரிஸ் பெண்கள் மன்னர் இருந்த வெர்சாய் அரண்மனை நோக்கிக் கிளம்புவதோடு முடிகிறது. மேடையில் 40 பேர். தொப்பியில் குத்திக்கொள்ளும் அந்த வட்ட ரிப்பன் பேட்ஜ், அதாவது காக்கேட், எல்லோருக்கும் வேண்டும். எந்த ரிப்பன், எத்தனை மீட்டர், எந்த வண்ணம் நடுவில்? பிரிண்ட் போட்டு பட்டன் பேட்ஜ் அடித்துவிட்டால் வேலை மிச்சம் என்கிறார்கள். சரிவருமா?

ஊசிநூல்:
பட்டன் பேட்ஜ் வேண்டாம். அந்த வகை 1896 அமெரிக்கத் தேர்தலில்தான் பரவியது. போதாக்குறைக்கு அதன் பளபளப்பு மேடை விளக்கில் கண்ணைக் கூசும்.

வெளி விட்டம் 9 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள், பின்வரிசைக்கும் தெரியும். மூன்று வளையம், ஒன்றன்மேல் ஒன்று: அடியில் சிவப்பு 9 செ.மீ., அதன்மேல் வெள்ளை 6.5, நடுவில் நீலம் 4. சிவப்புக்கும் வெள்ளைக்கும் ஒரு இஞ்ச் ரிப்பன், நீலத்துக்கு அரை இஞ்ச்.

ஒவ்வொரு வளையத்துக்கும் வெளிச்சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு நீளம், தையலுக்கு 2 செ.மீ. கூடுதல். ஆக, சிவப்பு 44, வெள்ளை 33, நீலம் 21 செ.மீ. நாற்பதுக்கு 17.6 மீ., 13.2 மீ., 8.4 மீ. வரும். பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள்.

சாட்டினைவிடக் குறுக்கு வரி ஓடும் ரிப்பன் மேல். கடையில் கிராஸ்கிரெய்ன் என்றால் எடுத்துத் தருவார்கள். மடிப்பு நிற்கும், ஊசி வழுக்காது. பூங்கொத்துக்குக் கட்டும் பிளாஸ்டிக் ரிப்பனை மட்டும் தொடாதீர்கள், ஊசி போன துளை வழியாக நீளவாக்கில் கிழிந்துவிடும்.

வெட்டிய முனையை லைட்டர் சுடரின் நீலப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் பிரியாது. மெழுகுவத்தி வேண்டாம், வெள்ளையில் கரி ஏறும். பருத்தி ரிப்பன் என்றால் உருகாது, தீப்பிடிக்கும்.

பிறகு இரு முனையையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து 1 செ.மீ. விட்டுத் தையுங்கள். ஒரு ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி, அரை செ.மீ. இடைவெளியில் ஓட்டுத் தையல். நூல் இரட்டையாக இருக்கட்டும், ஒற்றை நூல் இழுக்கும்போதே அறுந்துபோகும். இழுத்துச் சுருக்கி, சுருக்கத்தைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி, மூன்று முடிச்சு. சிவப்பை முழுக்க இறுக்க வேண்டாம். நடுவில் 4 செ.மீ. ஓட்டை இருந்தால் வெள்ளை மூடிவிடும், அடியும் தடிக்காது. ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் சுருக்கம் கொசுவம் மாதிரி படியும்.

7 செ.மீ. ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) வட்டத்தில் சிவப்பைச் சுற்றித் தைத்து, மற்ற இரண்டையும் மேலே வைத்து, நடுவில் 2 செ.மீ. நீலத் துணி பட்டன். க்ளூ கன் வேண்டாம், சாட்டினில் பசை கசிந்து கறுத்த திட்டாகத் தெரியும். பின்புற ஊக்கை நடுவிலிருந்து 2 செ.மீ. மேலே தையுங்கள். நடுவில் தைத்தால் பேட்ஜ் முன்னால் கவிழும்.

பழையஏடு:
தையல் சரி. ஆனால் முதல் காட்சியிலேயே மூவண்ணம் வந்தால் வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஜூலை 12 அன்று பலே ரொயால் தோட்டத்தில் காமில் தெமுலேன் பேசிய பிறகு கூட்டம் அணிந்தது பச்சை. மரத்து இலையைப் பறித்தே தொப்பியில் செருகினார்கள். பச்சை மன்னரின் தம்பி ஆர்த்துவா கோமகனின் நிறம் என்பது உறைத்ததும் அதைக் கைவிட்டார்கள். பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுந்த ஜூலை 14-க்கு பாரிஸ் நகரின் நீலமும் சிவப்பும்தான். ஜூலை 17 அன்று பாரிஸ் வந்த 16-ஆம் லூயிக்கு மேயர் பாய்யி காக்கேட்டைக் கொடுக்க, அவர் தொப்பியில் வைத்துக்கொண்டார். நடுவே மன்னராட்சியின் வெள்ளையைச் சேர்த்த பெருமை தேசியக் காவல்படைத் தளபதி லஃபாயெத்துக்குப் போகிறது. ஆக, உங்களுக்கு மூன்று வகை வேண்டும்: இலை, இருவண்ணம், மூவண்ணம்.

நிறவரிசை அந்த ஆரம்ப மாதங்களில் உறுதியாகவில்லை, பல விதமாகச் செய்தார்கள். இன்றைய பிரெஞ்சு முறை நீலம் நடுவில், சிவப்பு வெளியில். அதையே வையுங்கள். மாற்றி வைத்தால் பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டம் ஆகிவிடும்!

நீலம் வாங்கும்போது கவனம். நேவி ப்ளூ மேடையில் கறுப்பாகத் தெரியும். அக்டோபர் காட்சியில் கறுப்பு என்றால் அர்த்தமே தலைகீழ், அது ஆஸ்திரியாவில் பிறந்த ராணி மரி அந்துவானெத்தின் பக்கத்து நிறமாகப் பார்க்கப்பட்டது.

மேடைக்காரன்:
இருவரும் பெரிய உதவி. மாதிரிக்கு ஒன்று செய்தோம். ரிப்பனை மிச்சப்படுத்தச் சிவப்பை 24 செ.மீ.தான் வெட்டினோம். தட்டையாக உட்காராமல் கிண்ணம் மாதிரி குழிந்து நிற்கிறது. இஸ்திரிக்கும் மசியவில்லை.

ஊசிநூல்:
மசியாது. 9 செ.மீ. வட்டத்தின் வெளிச்சுற்று 28 செ.மீ. இருப்பது 24, தையலுக்கு 2 போனால் 22. ஓரம் எட்டாமல் உள்ளே இழுக்கிறது, அதனால் குழிகிறது. அதை வீணாக்க வேண்டாம், விட்டத்தை 7 செ.மீ. ஆக்கினால் தட்டையாக உட்காரும். சிறுவர் வேடத்துக்கு ஆகும். எதிர்ப்பக்கமும் உண்டு: இரண்டு மடங்குக்கு மேல் போனால் ஓரம் அலை அலையாக எழும்பும்.

இருவண்ணத்துக்குத் தனியாகத் தைக்காமல் சமாளிக்கலாம் என்று தோன்றும். சிவப்பு, நீலம் இரண்டையும் ஃபெல்ட்டில் நிரந்தரமாகத் தைத்து, வெள்ளையைத் தனி வளையமாக வைத்து, நீலத்தின் அடியில் நாலு பக்கமும் பிரித்து ஒட்டுகிற மாதிரி ப்ரெஸ் பட்டன் வைக்க நினைக்கலாம், மேடைக்குப் பின்னால் இருட்டில் அது நடக்காது. இரண்டு செட் செய்வதே சுலபம். இருவண்ணத்தில் மட்டும் நீலத்தை, வெள்ளையைப் போலவே ஒரு இஞ்ச் ரிப்பனில், 6.5 செ.மீ. ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் சிவப்பின் ஓட்டை எட்டிப் பார்க்கும்.

பழையஏடு:
முதல் காட்சிக்கு நிஜ இலை வைக்காதீர்கள், விளக்குச் சூட்டில் வாடித் தொங்கும். பச்சை ஃபெல்ட்டில் 8 செ.மீ. இலை வெட்டி நடு நரம்பை ஒரு தையல் ஓட்டினால் போதும்.

பெண் பாத்திரங்கள் எல்லோருக்கும் கட்டாயம் குத்த வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். உங்கள் நாடகம் நடக்கும் 1789-இல் சட்டம் ஏதுமில்லை. ஆண்களுக்கு 1792 ஜூலையில், பெண்களுக்கு 1793 செப்டம்பர் 21-இல்தான் கட்டாயமானது. எனவே கூட்டத்தில் நாலைந்து பேர் இல்லாமல் நிற்பதே பொருத்தம்.

மேடைக்காரன்:
அக்டோபர் 1 அன்று வெர்சாய் அரண்மனையில் நடந்த விருந்துக் காட்சியும் இருக்கிறது. மன்னரின் படை அதிகாரிகள் மூவண்ணத்தைப் பிய்த்துப் போட்டு மிதிக்க வேண்டும். ஊக்கைக் கழற்ற நேரம் பிடிக்கிறது.

ஊசிநூல்:
அந்தப் பேட்ஜுகளுக்கு மட்டும் ஊக்குக்குப் பதில் இரண்டு ப்ரெஸ் பட்டன், தொப்பியில் ஒரு பாதி, ஃபெல்ட்டில் ஒரு பாதி. வெல்க்ரோ வேண்டாம், அமைதியான காட்சியில் சர்ரென்று கேட்கும். மிதிபட்ட வெள்ளை ரிப்பன் துவைத்தாலும் பழைய நிறத்துக்கு வராது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது செட் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையஏடு:
அந்த மிதித்த சங்கதி பாரிஸில் வதந்தியாகப் பரவியதுதான். மேடையில் நேரடியாகக் காட்டாமல், ஒரு பெண் சந்தையில் வந்து சொல்வதாக வைத்தால் அக்டோபர் 5 காட்சிக்கு வலு கூடும், ரிப்பனும் மிச்சம்.