புதுப்பிப்பு: கசடு படிந்த பழைய சிவப்பு வைன், திறந்தாச்சு

மச்சான் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த 2012 கேபர்னே சாவிஞான் சிவப்பு வைன் (நாபா மலைச்சரிவில் ஒரு குடும்பம் நடத்தும் தோட்டத்துச் சரக்கு) இரண்டு பாட்டில், ஒரு மதுரைக் கோடை முழுக்க பீரோவில் படுத்துக் கிடந்தது, அடியில் கசடு, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கசடு கெட்டதற்கு அடையாளம் இல்லை. நாள்பட டானினும் (வைனுக்குத் துவர்ப்பு தருவது) நிறமும் சேர்ந்து படிவதுதான். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாகச் சாய்த்து ஊற்றச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. எதிர்பாராதது கார்க்! பாதியில் பொடிந்து உள்ளே விழ, அம்மாவின் நன்னாரி வடிகட்டும் துணியில் வடித்தேன். திட்டு தனி.

அரை மணி காற்றாட விட்டதும் துவர்ப்பு தணிந்தது. ஆனால் லேசாக வேகவைத்த பழ வாசனை. அது வெயிலின் வேலை. மற்ற பாட்டில் இப்போது ஃபிரிட்ஜில், கத்தரிக்காய்க்குப் பக்கத்தில்.