புதுப்பிப்பு: 340 கி.மீ. தூரத்துக்கு ஏன் 1 மணி 15 நிமிடம்?

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே நேர்கோட்டுத் தூரம் 340 கி.மீ., ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும், அப்படியென்றால் 41 நிமிடம்தானே, அட்டவணையில் ஏன் 1 மணி 15 நிமிடம் என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். அதே விமானத்தில் போய் வந்துவிட்டேன். கையில் கடிகாரத்தோடு!

விமானம் நகர்ந்ததிலிருந்து தரையை விட்டு எழும்ப 11 நிமிடம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் தனி வழி கிடையாது. அதனால் விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை மெதுவாக உருண்டு போய், அங்கே அரைவட்டமடித்துத் திரும்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல் நகர்வதே தெரியவில்லை, அவ்வளவு நிதானம். அப்புறம் காற்றை எதிர்த்து எழும்ப வேண்டும் என்பதால், போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசையில் கிளம்பி, வானத்தில் திரும்பினோம். மேலே ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போதும் அப்படித்தான். வானத்தில் 53 நிமிடம். தரையிறங்கி நிற்க 6. மொத்தம் 70.

அட்டவணையில் போடுவது வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை. இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

என் கேள்விக்குப் பதிலாக, தூரம் 184 என்று ஒருவர் சொல்லியிருந்தார், அதுவும் சரிதான். அது கடல் மைல், ஒன்று 1.852 கி.மீ.

இனி இப்படிப்பட்ட குறுகிய பயணம் என்றால், தூரத்தை 500-ஆல் வகுத்து அரைமணி நேரம் கூட்டிக்கொள்வேன்.