தம்பியின் ஜி.ஐ. பில் மாதங்களைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா? (அமெரிக்க ஆமி, மூடிப்போன கொலிஜ்)

மட்டிக்களி அக்கா எழுதியது:

வணக்கம். திருமலைக் குழுவில் இதை ஏன் கேட்கிறாள் என்று நினைக்க வேண்டாம், வெளியில் இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான்.

என் தம்பி ஸ்டூடன்ட் விசாவில் அமெரிக்கா போனவன். 2009இல் அந்த நாட்டு ஆமியில் சேர்ந்தான். அப்போது மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது, குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவர்களை எடுத்தார்கள், அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. நாலு வருடம் இருந்துவிட்டு 2013இல் வெளியே வந்தான். படிப்பதற்கு ஜி.ஐ. பில் என்று 36 மாத உதவி கொடுத்தார்கள். அதில் 26 மாதத்தை ஒரு தனியார் கொலிஜில், கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கிறேன் என்று, கொண்டுபோய்க் கொட்டினான்.

சேர்க்கும்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் எடுத்தார்களாம். கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கிற புள்ளி) எல்லாம் எந்த யூனிவர்சிட்டிக்கும் மாறும், முடித்ததும் வேலை நிச்சயம், உங்களைப் போன்ற படைக்காரர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறோம் என்று சொன்னார்களாம். கடைசியில் பக்கத்திலிருந்த அரச கொலிஜில் போய்க் கேட்டால் ஒரு கிரெடிட்டைக்கூட எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். விட்டுவிட்டு வந்தான். இப்போது அந்தக் கொலிஜே இல்லை, மூடிவிட்டார்கள்.

செலவுக்கென்று அவன் எடுத்த மாணவர் லோன், கொலிஜ் ஏமாற்றியது என்று போன வருடம் முழுதாகத் தள்ளுபடியானது. எனக்கு விளங்காதது இதுதான்: லோனைத் தள்ளுபடி செய்தவர்கள் அந்த 26 மாதத்தையும் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? அவன் வெட்கத்தில் வாயே திறக்கிறான் இல்லை, அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் "படிப்பு முடிஞ்சுதா ராசா" என்று கேட்க, அவன் "இன்னும் கொஞ்சம்தான்" என்கிறான். பேஸ்புக்கில் ஒருத்தர் 800 டொலர் தந்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறாராம். கொடுக்கலாமா?

-----

தம்பலகாமத்தான் எழுதியது:

அக்கா, கிடைக்கும். 2017இல் ஒரு சட்டம் வந்தது, "ஃபாரெவர் ஜி.ஐ. பில்" என்பார்கள். லாபத்துக்கு நடத்திய பெரிய கொலிஜ்களான கொரிந்தியன் 2015இலும் ஐடிடி டெக் 2016இலும் மூடி, படித்துக்கொண்டிருந்த படைக்காரர்கள் நடுத்தெருவில் நின்ற பிறகுதான் அதைக் கொண்டுவந்தார்கள். கொலிஜ் மூடினால் அங்கே வீணான மாதங்களைத் திருப்பிக் கொடுக்கலாம். 22-0989 என்று ஒரு படிவம், முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். காசு எதுவும் கட்டத் தேவையில்லை. கொலிஜ் மூடிவிட்டது என்கிறீர்கள், பிறகென்ன, போடச் சொல்லுங்கள்.

-----

வேப்பங்குளம் எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள், அவசரப்பட்டு ஆசை காட்ட வேண்டாம். நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன், இருபது வருடமாகிறது, என் மனைவியும் படையில் இருந்தவர், இந்தப் படிவங்களோடு மாரடித்த அனுபவம் உண்டு.

அக்கா, முதலில் ஒரு கேள்வி: தம்பி விலகிய திகதி என்ன, கொலிஜ் மூடிய திகதி என்ன? எல்லாம் அதில்தான் இருக்கிறது. மூடிய நாளில் அவர் அங்கே படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற லீவில் இருந்திருக்க வேண்டும், அல்லது மூடுவதற்கு முந்திய 120 நாட்களுக்குள் விலகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர் என்றால் அந்தப் படிவம் உதவாது.

லோன் தள்ளுபடியானதே என்று கேட்டீர்கள். அது வேறு வீடு, இது வேறு வீடு. லோனைப் பார்ப்பது கல்வித் திணைக்களம். கொலிஜ் பொய் சொல்லி ஆள் சேர்த்தது என்று நிரூபணமானால் கடனை ரத்துச் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. 2022இல் மட்டும் கொரிந்தியன் மாணவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டொலர் கடனையும், ஐடிடி மாணவர்கள் 2 லட்சத்து 8 ஆயிரம் பேரின் 390 கோடி டொலர் கடனையும் ரத்துச் செய்தார்கள். ஜி.ஐ. பில்லைப் பார்ப்பது படையினர் விவகாரத் திணைக்களம். அவர்களுக்குக் கிடைத்த சட்டத்தில் "கொலிஜ் மூடியது", "பாடநெறிக்கான அங்கீகாரம் போனது" என்பதற்குத்தான் பரிகாரம் இருக்கிறது, "ஏமாற்றினார்கள்" என்பதற்கு இல்லை. ஒரே கொலிஜ், ஒரே பொய், ஒரே பிள்ளை. கடன் வாங்கிப் படித்த பங்கு திரும்பி வரும், நாலு வருடம் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்த பங்கு வராது. இதைச் சரிசெய்ய ஒரு சட்டமூலம் 2023இல் காங்கிரசில் வைக்கப்பட்டது, மோசடி என்று முடிவான இடங்களில் செலவான மாதங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. அதை நம்பித் திட்டம் எதையும் போட்டுவிடாதீர்கள்.

800 டொலர்க்காரனை உடனே பிளாக் செய்யச் சொல்லுங்கள். படிவம் இலவசம், படையினர் சங்கங்களில் அதை நிரப்ப உதவுகிறவர்களும் காசு வாங்குவதில்லை. ஏமாந்தவர்களின் பட்டியல் எங்கோ விற்பனைக்கு இருக்கிறது போல, ஒரு தடவை ஏமாந்தவனை மணந்து பிடித்து வந்துவிடுகிறார்கள்.

-----

கடற்காகம் எழுதியது:

மன்னிக்க வேண்டும், அமெரிக்க ஆமிக்குப் போனவருடைய மாதக் கணக்குக்கு நாம் ஏன் தலையை உடைக்க வேண்டும்? இங்கே எத்தனை பிள்ளைகள் ஓ.எல். முடித்துவிட்டு ஓட்டோ ஓட்டுகிறார்கள்.

-----

சம்பல்தீவு டீச்சர் எழுதியது:

கடற்காகம் தம்பி, உங்கள் கோபம் விளங்குகிறது, ஆனால் இது தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். என் மூத்தவள் ஏ.எல். எடுத்துவிட்டு டவுனில் "கம்பஸ்" என்று பெரிய போர்ட் போட்ட இடத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டு டிகிரி, இங்கேயே படிக்கலாம், அரச வேலைக்கும் செல்லும் என்றார்கள். ஒன்றரை வருடம், இரண்டு சங்கிலி அடகில். அப்புறம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்டால் அந்த டிகிரி அவர்களுடைய பட்டியலில் இல்லை. சரி, தொழிற்பயிற்சியாகவாவது இருக்குமா என்று பார்த்தால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவும் இல்லை, அதாவது என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கிடையாது. போய்க் கத்தினேன். ரிசப்ஷனில் இருந்த பிள்ளை அழுதுவிட்டாள், அவளுக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம். சங்கிலியை மீட்டுவிட்டேன், ஒன்றரை வருடத்தை எந்தக் கடையில் மீட்பது?

அதனால்தான் மட்டிக்களி அக்காவின் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் காசைக் கேட்கவில்லை, மாதத்தைக் கேட்கிறார். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை: இவர்கள் ஏன் படையில் இருந்தவர்களையே தேடித் தேடிப் பிடித்தார்கள்?

-----

வேப்பங்குளம் எழுதியது:

டீச்சர், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, கேட்டால் வயிறு எரியும்.

லாபத்துக்கு நடத்துகிற கொலிஜ்கள் தங்கள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவியிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. மீதி 10 சதவீதம் வெளியிலிருந்து வர வேண்டும். காசு கட்டிப் படிக்க ஒருவராவது வருகிறாரா என்று பார்க்கிற மாதிரி ஒரு சோதனை. ஆனால் ஜி.ஐ. பில் காசு அரசாங்கக் காசு என்றாலும் அதை அந்த 90க்குள் சேர்க்காமல் "வெளிக் காசு" என்று எண்ணினார்கள். ஆக, ஒரு முன்னாள் படைக்காரரைச் சேர்த்து அவரிடம் ஒரு டொலர் வாங்கினால், மற்றப் பிள்ளைகளின் பேரில் அரசாங்கத்திடம் இன்னும் 9 டொலர் வாங்க வழி திறக்கும். தம்பிக்கு ஒரு நாளைக்கு மூன்று போன் ஏன் வந்தது என்று இப்போது விளங்கும். 2021இல்தான் சட்டத்தை மாற்றினார்கள், 2023இலிருந்து நடைமுறைக்கு வந்தது. தம்பி சேர்ந்த காலத்தில் ஓட்டை நல்ல அகலமாகத் திறந்தே இருந்தது.

புதிய தந்திரமும் இல்லை. முதலாவது ஜி.ஐ. பில் 1944இல் வந்தது, போர் முடிந்து வந்தவர்களின் காசைக் குறிவைத்து அப்போதும் தெருவுக்குத் தெரு தொழிற்பள்ளிகள் முளைத்தன, 1952இல் அடுத்த சட்டம் எழுதும்போது கட்டுப்பாடு போட வேண்டி வந்தது.

கடற்காகத்துக்கு: ஓட்டோ ஓட்டுகிற பிள்ளையையும் நாளைக்கு ஒரு போர்ட் தேடி வரும்.

-----

மட்டிக்களி அக்கா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு தம்பியோடு கதைத்தேன். அங்கே காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், ஆனாலும் திகதியைக் கேட்காமல் விடவில்லை.

அவன் விலகி ஒன்றரை வருடம் கழித்துத்தான் கொலிஜ் மூடியிருக்கிறது. 120 நாள் கணக்குக்கு எந்தப் பக்கத்தாலும் வராது. அவனோடு படித்த ஒரு பெடியன், "எப்படியும் முடித்துவிடுவோம்" என்று கடைசி நாள்வரை இருந்தவன், அவனுக்கு மாதங்கள் திரும்பிவிட்டதாம். ஏமாற்று என்று முதலே பிடித்து வெளியே வந்த இவனுக்கு இல்லை. அதைச் சொல்லும்போது தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

800 டொலர்க்காரனுக்கு ஏற்கனவே 200 கொடுத்துவிட்டானாம். அதை இப்போதுதான் சொல்கிறான், கழுதை.

-----

வேப்பங்குளம் எழுதியது:

அக்கா, 26 மாதம் இப்போதைக்குப் போனதுதான், மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கையில் 10 மாதம் இருக்கிறது, 2013 ஜனவரி 1க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குக் கெடு கிடையாது, அது அழியாது. அந்தப் பத்தை மறுபடியும் விளம்பரம் பார்த்துக் கொடுக்காமல் அரச கம்யூனிட்டி கொலிஜ் ஒன்றில் போடச் சொல்லுங்கள். சேர முன்பே, அவர் பிறகு போக விரும்புகிற யூனிவர்சிட்டியிடம் எந்தக் கிரெடிட்டை எடுப்பீர்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும், போனில் சொன்னது செல்லாது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் கொலிஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கிற இடம் இருக்கிறது, ஒவ்வொன்றின் மேலும் எத்தனை முறைப்பாடு என்று அதில் தெரியும். அவருடைய முறைப்பாட்டையும் அங்கேயே பதியலாம். மாதம் வராவிட்டாலும் பதிவு இருக்கட்டும், சட்டம் மாறினால் உதவும்.

இன்னொன்று. சேவையில் இருந்தபோது ஏதும் காயம், முதுகு வலி, காது கேட்காமை இருக்கிறதா? சேவையால் வந்தது என்று திணைக்களம் ஏற்று, பாதிப்பு இத்தனை சதவீதம் என்று போதிய அளவு போட்டுக் கொடுத்தால், தொழில் மறுவாழ்வு என்று தனித் திட்டம் இருக்கிறது, அதிலும் படிக்க வைக்கிறார்கள். ஜி.ஐ. பில்லை விட அது பெரிது, பலர் கேட்பதே இல்லை.

-----

மட்டிக்களி அக்கா எழுதியது:

முழங்கால். பயிற்சியில் விழுந்தவன், படி ஏறும்போது இன்றைக்கும் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான். போன முறை வந்தபோது கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து நடக்க முடியாமல் ஓட்டோவில் கூட்டிப்போனோம். ஒரு தடவைகூட அதைத் திணைக்களத்தில் சொல்லவில்லையாம், "மற்றவங்களுக்குக் காலே இல்லை அக்கா, நான் முழங்காலுக்குப் போய் நிற்பதா" என்கிறான்.

ஆமி ஆஸ்பத்திரித் துண்டுகள் ஒரு பெட்டியில் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று. அம்மாவையும் பக்கத்தில் இருத்தப் போகிறேன், அப்போதுதான் கட் பண்ண மாட்டான்.