கட்டுரைகளின் நம்பகத்தன்மையை எப்படிச் சரிபார்ப்பது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதுகலை ஆய்வேட்டுக்காக நிலத்தடி நீர் மாசு பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூகுள் ஸ்காலரில் தேடினால் கட்டுரைகள் வந்து குவிகின்றன. ஆனால் அது தேடித் தருமே தவிர, தரம் பார்த்துச் சலித்துத் தராது. காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும் அதில் கலந்தே வருகின்றன.

இப்போதைக்கு இதழின் பெயர், இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். டிஓஐ எண்ணையும் சொடுக்கிப் பார்க்கிறேன். ஆனால் அந்த எண் கட்டுரையின் முகவரிதான், தரச் சான்று இல்லையே! விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டுவதில்லை. அடிக்குறிப்புகளைப் பிடித்து மூலத்துக்குப் போக மட்டும் பயன்படுத்துகிறேன் (என் நெறியாளருக்கு அதுவும் பிடிக்காது).

கேட்க வந்தது இதுதான். வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, அப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றின் தரவுத்தளம் 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளும் அதை வைத்து எச்சரிக்கை காட்டுகிறது. அதை மட்டும் நம்பலாமா?

அப்புறம், கட்டணம் கேட்கும் கட்டுரைகளுக்கு இலவசப் பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் உலாவி நீட்சி கைகொடுக்காதபோது ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பதில் வருகிறதா? சட்டப்படியான வழிகளை மட்டும் சொல்லுங்கள்.