உறங்க வைக்கும் கதையில் சிரிப்பு இருக்கலாமா?

கேள்வி (நாகர்கோவில்): மருந்துவாழ்மலை, சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிச் சென்றபோது விழுந்த துண்டு என்று கதை சொன்னால், "விழுந்ததை ஏன் திரும்ப எடுக்கவில்லை?" என்று கேட்டுச் சிரித்தபடி மகள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். சிரிப்புக் கதைகளை நிறுத்திவிடலாமா?

பதில் (தக்கலை): நிறுத்த வேண்டாம். சிரிப்பை முதலில் வைத்துவிட்டு, பிறகு குரலைத் தணித்து, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைக்கு மாறுங்கள். அடுத்து வருவது தெரிந்துவிட்டால் பரபரப்பு தானாக அடங்கும். எங்கள் கதையில் முப்பந்தல் காற்றாலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டாவி விடும். என் மகன் அவற்றை முந்திவிடுவான்.

பதில் (குளச்சல்): அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள், சகோதரி! அதைத் தடுக்காமல், "காரணத்தை நாளை நீயே சொல்" என்று அவளிடம் ஒப்படையுங்கள். விளக்கை அணைத்த பின் குரங்குக் குரல் மட்டும் வேண்டாம். என் மாமியார் அப்படித் தொடங்கினால் உறங்கிய பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள்.