சொரசொரப்பான பழைய சீலிங்: சுரண்டலாமா, மேலேயே பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: ஜிப்சம் போர்டு சீலிங்கில் பொரி ஒட்டியது போன்ற பழைய டெக்ஸ்ச்சர். ரோலரை வைத்ததும் கட்டிகட்டியாக அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏன்?

பதில் 1: முதலில் ரோலரை நிறுத்துங்கள். 1980-களிலோ அதற்கு முன்போ போட்டது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார்) இருக்கலாம். ஈரப்படுத்திச் சிறு துண்டெடுத்து ஆய்வகத்தில் சோதிக்காமல் சுரண்டவே கூடாது, உலர்வாகத் தேய்ப்பது அதைவிட மோசம். இருப்பது உறுதியானால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பதில் 2: பெயின்ட் படாத டெக்ஸ்ச்சர் தண்ணீரில் கரையும். தண்ணீர் கலந்த பெயின்டிலும் அப்படியே ஊறி உரிகிறது. அடிப்பதுதான் முடிவென்றால் முதலில் ஆயில் ப்ரைமர் (ஜன்னலைத் திறந்து வையுங்கள்), அது காய்ந்தபின் பெயின்ட். ஸ்ப்ரே சிறந்தது. ரோலர் என்றால் 20 மி.மீ. முடியுள்ளது; ஒரே திசையில், அழுத்தாமல். ஈரமாக இருக்கும் இடத்தில் திரும்ப ஓட்டாதீர்கள்.

பதில் 3: சோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லையென்றால் சுரண்டுவதே நல்லது. மின்சாரத்தை நிறுத்தி, தரைக்கு பிளாஸ்டிக் விரித்து, ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தண்ணீர் தெளித்து 15 நிமிடம் விடுங்கள். 15 செ.மீ. பட்டித் தகட்டின் முனைகளை அரத்தால் மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் போர்டின் காகிதம் கிழியும். தண்ணீர் அதிகமானாலும் காகிதம் உப்பிவிடும். பிறகு இரண்டு கை பட்டி, 150 எண் உப்புத்தாள், ப்ரைமர். மேட் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். பளபளப்பானது ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.

பதில் 4: ஏற்கெனவே பெயின்ட் அடித்திருந்தால் தண்ணீர் இறங்காது. அதற்கு மேல் 6 மி.மீ. ஜிப்சம் போர்டை, உள்ளிருக்கும் சட்டங்களில் திருகி மூடுவதே சுலபம்.